முன் ஷாஃப்ட்டைக் கழட்டின கதை

ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கு எழுதப்போறது வண்டி சமாச்சாரம். "எனக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை, பஸ்ல ஜன்னலோர சீட்டு கிடைச்சா போதும்"ங்கிறவங்களும் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. பாதிக்கு மேல வீட்டுச் சண்டைதான் :-)

விஷயம் இதுதான். எங்க வீட்ல ஒரு பழைய மஹிந்திரா ஜீப் நிக்குது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. போன மாசம் அதோட முன்பக்க ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டினோம். அந்த வண்டிக்கு இது ரெண்டாவது தடவை. முதல் தடவை 1996-ல அப்பா கழட்டினார். கழட்டினது 26 வருஷம் பரண்ல கிடந்தது. ரெண்டு தடவைக்கும் காரணம் வேற வேற. நடுவுல ஒரு வெள்ளம் இருக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க தலைமுறைக்கு ஜீப்புன்னா பிடிஓ ஜீப், தாசில்தார் ஜீப். சீர்காழி வீதியில ஜீப் சத்தம் கேட்டா ஏதோ அரசாங்க காரியம்னு அர்த்தம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவுல வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளின வண்டி அது. போர் முடிஞ்சதும் 1947-ல மஹிந்திரா அதை இங்கே கொண்டுவந்து பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் பல வருஷம் பேனட்டு மாறிச்சு, இன்ஜின் டீசலுக்கு மாறிச்சு, அடியில இருக்கிற எலும்புக்கூடு மட்டும் பெருசா மாறலை. அரசாங்க ஆபீஸ்ல ஓடி ஓய்ஞ்ச வண்டிகளை ஏலம் விடுவாங்க. அப்படி ஒரு ஏலத்துல 1994-ல அப்பா எடுத்ததுதான் எங்க ஜீப். "கார் வாங்குவீங்கன்னு பார்த்தா கழுதையை ஓட்டிக்கிட்டு வர்றீங்களே"ன்னு அம்மா வாசல்லயே சொன்னாங்களாம். அப்பா பதில் சொல்லலை. அப்பா எதுக்குமே உடனே பதில் சொல்ற ஆள் இல்லை.

எங்க நிலம் கொள்ளிடம் பக்கம். மேட்டூர்ல திறக்கிற தண்ணி முக்கொம்பு, கல்லணைன்னு பிரிஞ்சு பிரிஞ்சு கடைசியா வந்து சேர்ற கடைமடை. தண்ணி வேணும்கிறப்ப கடைசியா வரும், வேண்டாம்கிறப்ப முதல்ல வந்து நிக்கும். மண்ணு களிமண். வெயில்ல வெடிச்சா கால் உள்ள போற அளவுக்கு வெடிப்பு, நனைஞ்சா செருப்பைப் பிடிச்சு வச்சுக்கும். இந்த ஊர்ல சக்கரத்துக்கும் மண்ணுக்கும் எப்பவும் ஒரு தகராறு உண்டு. டிராக்டருக்கு சேத்துல இறங்க இரும்பு கேஜ் வீல் மாட்டறோம். அறுப்பு சமயத்துல வயல் காயலைன்னா டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷினுக்குத்தான் சொல்லி அனுப்பணும், அதுக்கு மணிக்கணக்கு வாடகையும் கூட. அதனால "நாலு சக்கரமும் இழுக்கும்"ங்கிறது எங்க ஊர்ல பந்தா இல்லைங்க. அது ஒரு தேவை. ஆனா வருஷத்துல எத்தனை நாளைக்குத் தேவைங்கிறதுலதான் பிரச்சினை.

இப்ப அந்த ஷாஃப்ட் என்ன வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிப் போயிடலாம்.

இன்ஜின்ல இருந்து வர்ற சுத்து கியர் பாக்ஸுக்குப் போகுது. சாதாரண ஜீப்புல அங்கேருந்து நேரா பின் ஆக்ஸிலுக்கு ஒரே ஒரு ஷாஃப்ட். நாலு சக்கர ஜீப்புல கியர் பாக்ஸை ஒட்டி இன்னொரு பெட்டி இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ்னு பேரு. அதுலேருந்து ரெண்டு ஷாஃப்ட் கிளம்புது. ஒண்ணு பின்னாடி, ஒண்ணு முன்னாடி. டிரைவர் பக்கத்துல கியர் லீவர் தவிர இன்னும் ரெண்டு குட்டி லீவர் இருக்குமே, அதுல ஒண்ணு முன் ஷாஃப்ட்டை சேர்க்க, விலக்க. இன்னொண்ணு லோ கியருக்கு.

முன் ஷாஃப்ட்டை சேர்த்துக்கிட்டு தார் ரோட்டுல ஓட்டக்கூடாது. ஏன்னா வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போற வளைவு பெருசு, பின் சக்கரம் போற வளைவு சின்னது. முன்னாடி கூட சுத்தணும், பின்னாடி கம்மியா சுத்தணும். ஆனா இந்த ஜீப்புல ரெண்டையும் ஒரே வேகத்துல பூட்டி வச்சிருக்கு, நடுவுல விட்டுக்கொடுக்க ஒரு டிஃப்ரன்ஷியல் கிடையாது. சேத்துல டயர் வழுக்கி கணக்கை நேர் பண்ணிக்கும். தார் ரோட்டுல டயர் வழுக்காது. அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்ட்லயும் கியர்லயும் ஏறும். ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆகும். அப்புறம் எது பலவீனமோ அது உடையும். கிட்டத்தட்ட கூட்டுக்குடும்பம் மாதிரின்னு வச்சுக்கங்க. யாராவது ஒருத்தர் வழுக்கிக் கொடுக்கலைன்னா ஓடாது.

சரி, அப்பா ஏன் கழட்டினார்? அன்னிக்கு ஊர்ல ஜீப் வச்சிருந்த பலரும் செஞ்சதுதான். "முன் ஷாஃப்ட் சும்மா சுத்துதுங்க, டீசல் குடிக்குது, கிராஸ் தேயுது, கழட்டிப் போட்டா வண்டி லேசா ஓடும்" அப்படின்னு பட்டறைக்குப் பட்டறை சொல்லுவாங்க. அதுல பாதி உண்மை. லீவரை விலக்கி வச்சாலும் முன் ஷாஃப்ட் நிக்காது. ரோட்டுல உருளுற முன் சக்கரம் ஹாஃப் ஷாஃப்ட்டைச் சுத்தும், அது கிரவுனைச் சுத்தும், கிரவுன் பினியனைச் சுத்தும், பினியன் ஷாஃப்ட்டைச் சுத்தும். இன்ஜின் கொடுக்காத வேலையை ரோடு கொடுக்குது.

மீதிப் பாதியை பட்டறையில சொல்ல மாட்டாங்க. ஷாஃப்ட்டைக் கழட்டினா ஷாஃப்ட் மட்டும்தான் நிக்கும். ஹாஃப் ஷாஃப்ட், கிரவுன், பினியன் எல்லாம் பழையபடி ஆயில்ல சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதெல்லாம் நிக்கணும்னா சக்கரத்தோட ஹப்புலயே பிரிச்சு விடணும். அதுக்குத்தான் ஃப்ரீ வீல் ஹப்புன்னு ஒண்ணு இருக்கு. போர் முடிஞ்சு மலிவா கிடைச்ச ஜீப்புகளை ரோட்டுல ஓட்ட வசதியா 1948-ல அமெரிக்காவுல ஆர்தர் வார்ன்ங்கிறவர் செஞ்சு விக்க ஆரம்பிச்சார். சக்கரத்து நடுவுல இருக்கிற குமிழைத் திருப்பினா சக்கரம் தனி, ஆக்ஸில் தனி. திரும்பத் திருப்பினா ரெண்டும் சேர்ந்துக்கும்.

எங்க அப்பா எதையும் நோட்டுல எழுதி வைக்கிறவர். டீசல் போட்ட தேதி, மீட்டர் கணக்கு எல்லாம் இருக்கு. ஷாஃப்ட் இருந்தப்ப லிட்டருக்கு பத்தரை. கழட்டின பிறகு பத்தே முக்கால். அவ்ளோதான் லாபம். நோட்டுல அந்தப் பக்கத்துல கீழே சின்ன எழுத்துல "சத்தம் குறைவு" அப்படின்னு ஒரு வரி. டீசல்ல ஏமாந்ததை சத்தத்துல தேத்திக்கிட்டார் போல.

அப்புறம் அது பரணுக்குப் போச்சு. சாக்குல சுத்தி, கிரீஸ் தடவி, சைக்கிள் ட்யூப்பால கட்டி, பழைய பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒட்டடை அடிக்கிறப்ப அம்மா "இதை எடைக்குப் போடலாமா"ன்னு கேட்பாங்க. அப்பா "இருக்கட்டும்"பார். இந்த ரெண்டு வசனமும் வருஷா வருஷம் மாறாம நடக்கும், தீபாவளிக்கு நம்ம டிவியில போடுற படம் மாதிரி.

இப்ப வெள்ளம்.

2022 நவம்பர் 11 ராத்திரி. சீர்காழிக்காரங்க யாரைக் கேட்டாலும் அந்தத் தேதியைச் சொல்லுவாங்க. 44 சென்டிமீட்டர். 122 வருஷத்துல இல்லாத மழைன்னு வானிலை ஆய்வு மையம் சொன்னாங்க. கொள்ளிடத்துலயும் 30-க்கு மேல. எங்க ஊருக்கு தோணிபுரம்னு ஒரு பேர் உண்டு. பிரளயத்துல ஊரே தோணி மாதிரி மிதந்ததுன்னு ஐதீகம், சட்டைநாதர் கோயில்ல தோணியப்பர் இருக்கார். அந்தக் கதைக்கு அன்னிக்கு ராத்திரிதான் அர்த்தம் புரிஞ்சது. கரண்ட் போச்சு, போன் போச்சு. நட்டு ஒரு மாசம்கூட ஆகாத சம்பாப் பயிர் எங்க இருக்குன்னே தெரியலை, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணிதான். பின்னாடி சீர்காழி, தரங்கம்பாடி ரெண்டு தாலுகாவுக்கும் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தாங்க.

எங்க அத்தை, அப்பாவோட அக்கா, திருமுல்லைவாசல் போற வழியில உள்ளடங்கின ஒரு சின்ன ஊர்ல தனியா இருக்காங்க. எண்பது தாண்டியாச்சு. சுகர், இன்சுலின் போடணும். "எங்ககூட வந்து இருங்க"ன்னா "என் கோழியை யாரு பார்ப்பா"ம்பாங்க. மறுநாள் காலையில போன் போகலை. அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு ஜீப் சாவியை எடுத்துட்டார். நானும் ஏறிக்கிட்டேன். தண்ணியில மெதுவா, முழங்கால் ஆழம் வரைக்கும் வண்டி போச்சு. டீசல் இன்ஜின், உசரமான வண்டி, அதுவரைக்கும் கவலை இல்லை. மெயின் ரோட்டுலேருந்து பிரியுற மண் ரோட்டுல இறங்கினதும் இருநூறு அடிகூட போகலை. பின் சக்கரம் ரெண்டும் அந்த இடத்துலயே குழி பறிக்க ஆரம்பிச்சது. முன் சக்கரம் ரெண்டும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்குது. அப்பாவோட கை, பழக்கத்துல, அந்தக் குட்டி லீவருக்குப் போச்சு. தள்ளினார். லீவர் ஒழுங்கா உள்ள விழுந்துச்சு. ஒண்ணும் நடக்கலை. எப்படி நடக்கும்? சேர்க்க வேண்டிய ஷாஃப்ட் பரண்ல அண்டாவுக்குப் பக்கத்துல இல்ல படுத்திருக்கு.

அப்பா லீவர் மேல கையை வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு டிராக்டர் வந்தது. முன் ஆக்ஸிலும் இழுக்கிற டிராக்டர். கயிறு கட்டி எங்களை இழுத்து ரோட்டுல விட்டுட்டு, "ஏறுங்க"ன்னு அதுலயே எங்களை அத்தை வீட்டுக்கும் கொண்டுபோய் விட்டார் அந்தத் தம்பி. காசு கொடுத்தா வாங்கலை. அத்தை பத்தாயத்து மேல ஏறி உட்கார்ந்திருந்தாங்க, மடியில ரெண்டு கோழி. இன்சுலின் டப்பாவை பாலிதீன் பையில போட்டு கழுத்துல கட்டியிருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஜீப்பு எங்கடா தம்பி?" அப்பாவைத்தான் கேட்டாங்க. எழுபத்தஞ்சு வயசு தம்பி. அப்பா பதில் சொல்லலை.

அத்தைக்கு ஒண்ணும் ஆகலை. அதை முதல்லயே சொல்லியிருக்கணும், சிலர் பயந்திருப்பீங்க. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் வேற மாதிரி முடிஞ்சிருக்கலாம்ங்கிறது எங்க மூணு பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து பேசலை.

தண்ணி வடிஞ்சதும் அப்பா முதல்ல செஞ்சது ஆயில் மாத்தினது. இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஆக்ஸில் ஹவுசிங்ல காத்து போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பிரீதர். சூடா இருக்கிற ஆக்ஸில் திடீர்னு தண்ணியில முங்கினா உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, அந்த ஓட்டை வழியாவோ ஆயில் சீல் வழியாவோ தண்ணியை உறிஞ்சிக்கும். டிரெயின் நட்டைக் கழட்டினா கியர் ஆயில் கறுப்பா வராது, பால் காபி மாதிரி வரும். எங்களுக்கு ரெண்டு ஆக்ஸில்லயும் காபிதான் வந்தது. அப்படியே விட்டா பேரிங்கு, கிரவுன் எல்லாம் துருப்பிடிச்சு சில மாசத்துல ஊளையிட ஆரம்பிச்சிடும்.

ரெண்டாவது வேலையா ஏணியை எடுத்து பரண் மேல ஏறினார். அம்மா "இந்த வயசுல..."ன்னு ஆரம்பிச்சு, என்னத்தைத் தேடறார்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டாங்க. ஷாஃப்ட் கீழே இறங்கிச்சு. பாய் பட்டறையில மாட்டினோம்.

பாய் எங்க அப்பாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். வெளிப்படையாப் பேசுவார். "அய்யா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ரோட்டு டயரை வச்சுக்கிட்டு நாலு சக்கரம் இழுத்திருந்தாலும் நீங்க மாட்டியிருப்பீங்க. என்ன, இன்னும் அம்பது அடி தள்ளி மாட்டியிருப்பீங்க"ன்னார். இதுலயும் உண்மை இருக்கு. நாலு சக்கர வண்டி உங்களைச் சேத்துல மாட்டாமக் காப்பாத்தறதில்லை, இன்னும் உள்ளே போய் மாட்ட வைக்குதுன்னு ஒரு பேச்சு உண்டு. அப்பா யோசிச்சுட்டு "அம்பது அடி போயிருந்தா மேடு பாய்"னார். ஒரே வரி. பாய் அதுக்கப்புறம் பேசலை. அடுத்த வாரம் பட்டை பெருசா இருக்கிற டயர் நாலு வந்தது.

அதுலேருந்து ஷாஃப்ட் வண்டியிலதான் இருந்தது. இந்த வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு அதிர்வு ஆரம்பிச்சது. நாப்பது தாண்டினா காலுக்குக் கீழே ஒரு நடுக்கம், அம்பதுல கண்ணாடி டாஷ்போர்டு எல்லாம் சலங்கை. கியர் மாத்தும்போது "டங்"குன்னு ஒரு சத்தம். பாய் கீழே படுத்து ஷாஃப்ட்டைக் கையால ஆட்டிப் பார்த்துட்டு "கிராஸ் போச்சு"ன்னார். கூடவே "பேசாம கழட்டிப் போட்டுருங்க தம்பி. இதுக்கு ஏன் செலவு பண்ணிக்கிட்டு?" 1996-ல சொன்ன அதே வசனம் :-)

வீட்ல மூணு கட்சி ஆச்சு. தங்கமணி கட்சி: ஜீப்பையே வித்துடலாம். பழைய ஜீப்பை வாங்கி பெரிய டயர் போட்டு பெயின்ட் அடிச்சு ஓட்டற பசங்க இருக்காங்க, நல்ல விலை வரும், வாசல்ல இடமும் மிச்சம். அம்மா கட்சி: கழட்டி பரண்லயே வைங்க, அண்டாவுக்குத் துணையா இருக்கும். அப்பா கட்சி: எதுவும் சொல்லலை. கழட்டிப் பார்ப்போம்னு மட்டும் சொன்னார்.

ஞாயித்துக்கிழமை வாசல்லயே கழட்டினோம். செய்முறை எழுதறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல சமதளத்துல வண்டியை நிறுத்தி சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை கொடுக்கணும். ஹேண்ட் பிரேக்கை நம்பிப் படுக்கக் கூடாது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி, பின் ஷாஃப்ட் கிளம்புற இடத்துல இருக்கும். யாராவது தப்பா பின் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டு ஹேண்ட் பிரேக் போட்டிருக்குன்னு நினைச்சா, பிரேக் பிடிச்சிருக்கும், வண்டி உருளும். கீழே நீங்க இருப்பீங்க.

ரெண்டாவது, கழட்டுறதுக்கு முன்னாடி அடையாளம் போடணும். ஷாஃப்ட்டுக்கும் ஆக்ஸில் பக்கத்து கவட்டைக்கும், ஷாஃப்ட்டுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக்கும், நடுவுல நீண்டு சுருங்குற ஸ்லிப் ஜாயின்ட்டோட ரெண்டு பாதிக்கும் வெள்ளை பெயின்ட்ல கோடு. நடுவுல இருக்கிற கோடுதான் முக்கியம். கிராஸ் ஜாயின்ட் சாய்வா சுத்தும்போது ஒரே சீரா சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்ட்டோட மறுமுனையில இருக்கிற கிராஸ் அதை எதிர்ப்பக்கமா கூட்டிக் குறைச்சு சரிக்கட்டும். ரெண்டு முனையில இருக்கிற கவட்டையும் ஒரே தளத்துல இருந்தாத்தான் இந்தக் கணக்கு தீரும். ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் புது கிராஸ் போட்ட வண்டி பழைய கிராஸை விட மோசமா ஆடும்.

எங்க வண்டியில ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு யூ போல்ட், நாலு நட்டு. முந்தின நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு ஊறவச்சோம். எட்டுல ஏழு வந்துடுச்சு. எட்டாவது நட்டு ஒரு மணி நேரம் எடுத்துக்கிச்சு, அதுக்குள்ள தெருவுல போறவங்க எல்லாம் நின்னு ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிட்டாங்க. யூ போல்ட்டை எடுத்ததும் கிராஸோட மூடி ரெண்டு பக்கமும் வெளியே தொங்கும். உள்ளே ஊசி மாதிரி பேரிங் இருக்கும். மூடி கழண்டு விழுந்தா மண்ணுல ஊசியைத் தேட வேண்டியதுதான். அதனால எடுத்த உடனே ரெண்டு மூடியையும் சேர்த்து சைக்கிள் ட்யூப்பால சுத்திடணும். அப்பா 1996-ல கட்டின ட்யூப் ஏன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

கழட்டிட்டு ஓட்டறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. முன் ஷாஃப்ட் இல்லாம லோ கியர் போட்டு கனமா இழுக்கக் கூடாது. நாலு சக்கரத்துக்கும் பிரிஞ்சு போக வேண்டிய பலம் மொத்தமும் பின் ஆக்ஸிலுக்கே போய் ஹாஃப் ஷாஃப்ட்டை முறிச்சிடும். முன் ஷாஃப்ட்டை சேர்த்தாத்தான் லோ கியர் விழும்னு டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளேயே ஒரு பூட்டு வச்சிருக்காங்க, அதுக்குத்தான். ஷாஃப்ட் இல்லைங்கிறது அந்தப் பூட்டுக்குத் தெரியாதே.

இன்னொண்ணு. இதெல்லாம் பழைய ஜீப்புக்கு. எப்பவும் நாலு சக்கரமும் இழுத்துக்கிட்டே இருக்கிற புது மாதிரி வண்டிகள்ல நடுவுல ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கும். அதுல ஒரு ஷாஃப்ட்டைக் கழட்டினா, எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் சுத்து எல்லாம் போயிடும். எதிர்ப்பு இல்லாத வெத்து முனை சுத்திக்கிட்டே இருக்கும், வண்டி நகராது. வலையில பார்த்துட்டு ஸ்பானரைத் தூக்காதீங்க. என் பதிவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கழட்டி திண்ணையில வச்சதும் அப்பா பக்கத்துல உட்கார்ந்து கிராஸைக் கையால திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கரகரன்னு மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. கண் ஆபரேஷன் ஆனதுலேருந்து அவர் ராத்திரியில வண்டி எடுக்கறதில்லை. பகல்லயும் குறைச்சுட்டார். ஷாஃப்ட்டைத் துடைச்சுக்கிட்டே "மாட்டினா நீ ஓட்டுவியா?"ன்னார்.

நான் ஏதோ கிராஸ் விலையைப் பத்தி பேசப்போறார்னு நினைச்சிருந்தேன். "ஓட்டுவேன்பா"ன்னேன்.

"தார் ரோட்டுல ஓட்டறதைக் கேக்கலை."

"தெரியும்பா."

அவ்ளோதான் பேச்சு. உள்ளே போய் சாவியை எடுத்துட்டு வந்து ஷாஃப்ட் பக்கத்துல வச்சுட்டு குளிக்கப் போயிட்டார். 1994-லேருந்து அந்தச் சாவி அவர் சட்டைப் பையிலயோ, தலைமாட்டுலயோதான் இருந்திருக்கு. தங்கமணி வாசல்ல நின்னு பார்த்துட்டு, விக்கிற பேச்சை அன்னிக்கு எடுக்கலை. அதுக்கப்புறமும் எடுக்கலை.

கிராஸ் சிதம்பரத்துல கிடைக்கலை, மாயவரத்துலயும் இல்லை. சென்னையில புதுப்பேட்டையில ஒரு நண்பர் தேடிப்பிடிச்சு பஸ்ல போட்டுவிட்டார். ரெண்டு கிராஸ், கூடவே ஒரு ஜோடி ஃப்ரீ வீல் ஹப்பு. ஷாஃப்ட் இல்லாம வண்டி மூணு வாரம் ஓடினது. உண்மையைச் சொல்லணும்னா நல்லாவே ஓடினது. சத்தம் கம்மி, திரும்பறது லேசு. 1996 நோட்டுல அப்பா எழுதின வரி சரிதான். சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வர முன் ஷாஃப்ட் தேவையே இல்லை. வருஷத்துல முன்னூத்தி அறுபது நாளைக்கு அது ஒரு தண்டச் சுமை.

மீதி அஞ்சு நாளைக்காகத்தான் மாட்டினோம். அந்த அஞ்சு நாள் எந்த வருஷம் வரும்னு யாரும் சொல்ல முடியாது. நம்ம பக்கத்துல வாய்க்கால் தூர் வாருறதும், மடையைச் சரி பண்றதும், கொள்ளிடக் கரையை உசத்துறதும் எல்லாம் இதே கணக்குதான். தண்ணி வராத வருஷத்துல பார்த்தா வீண் செலவு மாதிரி இருக்கும். வந்த வருஷத்துல கணக்குப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இப்ப ஹப்பைத் திறந்து விட்டா முன் ஆக்ஸில் முழுசா தூங்குது, ஷாஃப்ட்டும் சுத்தறதில்லை. மாசத்துக்கு ஒருநாள் ஹப்பைப் பூட்டி, நாலு சக்கரத்தையும் சேர்த்து, அத்தை வீட்டு மண் ரோட்டுல ஒரு நடை போயிட்டு வர்றேன். உள்ளே ஆயில் எல்லா இடத்துக்கும் போகணும், லீவர் இறுகாம இருக்கணும், அதுக்கு. எனக்கும் பழகணும். போன தடவை அப்பா பக்கத்து சீட்டுல. மாட்டின அதே இடம் வந்ததும் நான் வேகத்தைக் குறைச்சேன். "குறைக்காத, அப்படியே விடு"ன்னார். வண்டி போச்சு. அத்தை வாசல்ல நின்னுக்கிட்டு, "ஜீப்பு வந்துடுச்சா"ன்னாங்க.

இப்ப பரண்ல அண்டா மட்டும்தான் இருக்கு. அதை எடைக்குப் போடலாமான்னு நான் கேட்டேன். "இருக்கட்டும்"னுட்டாங்க அம்மா.

டிஸ்கி: யார் வீட்டுப் பரண்லயாவது இதே மாதிரி முன் ஷாஃப்ட் கிடந்தா, இந்த வாரமே இறக்கி கிராஸைத் திருப்பிப் பாருங்க. கரகரன்னா மாத்துங்க. வழுவழுன்னு இருந்தா மாட்டுங்க. ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.